ஏவ்பரி கல்வட்டத்தைச் சுற்றி வசந்தகாலத்தில் ஒரு நாள் நடை: முழுமையான வழிகாட்டி

லண்டனிலிருந்து காலையில் கிளம்பினால் தென்மேற்கு இங்கிலாந்தின் வில்ட்ஷரில் உள்ள ஏவ்பரி கல்வட்டம் (பழங்காலப் பெருங்கற்கள் வட்டமாக நிற்கும் இடம்), சில்பரி குன்று, வெஸ்ட் கென்னட் புதைமேடு, ரிட்ஜ்வே பாதை எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். கார் தேவையில்லை. மொத்தச் சுற்று 11 கி.மீ. போல வரும். மலையேற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மேடு ஏறி இறங்கும் வயல்வெளி நடைதான்.

புதிதாகப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் நடக்க முடியாமல் போவதில்லை, நேரம்தான் போதாமல் போகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எதிரே நிற்கும் கற்களிடம் ஓடி, இரண்டு மணி நேரம் படம் எடுத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் புதைமேட்டுக்குக் கிளம்புவார்கள். ஆற்றோரப் பாதையில் தண்ணீர் நிற்கும். சுற்றிப் போக நேரம் இருக்காது. எது எப்படி இருக்கும் என்று தெரியாதோ அதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். நேரத்துக்குத் தகுந்தபடி நீட்டவும் குறைக்கவும் முடிகிற கல்வட்டத்தைக் கடைசிக்கு வையுங்கள். கீழே வரும் எல்லாமே இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

1. முதலில் தேதி

என் தேர்வு ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து மே நடுப்பகுதி வரை, அதிலும் பேங்க் ஹாலிடே (பொது விடுமுறை) ஒட்டாத ஒரு சனிக்கிழமை. மார்ச் தொடக்கத்தில் ஆறு மணி வாக்கில் இருட்டத் தொடங்கிவிடும். ஏப்ரல் கடைசியில் எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அந்த வித்தியாசம் ஒரு பஸ் தவறினாலும் பதறாமல் இருக்க உதவும்.

சனிக்கிழமையைச் சொல்வதற்குக் காரணம், கிராமப்புறங்களில் ஞாயிறன்று பஸ்கள் குறைவு. பேங்க் ஹாலிடேக்களில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைதான் ஓடும், சில தடங்களில் அதுவும் இருக்காது. மே மாதத்தில் முதல் திங்கள், கடைசித் திங்கள் இரண்டும் விடுமுறை. ஈஸ்டர் வார இறுதியில் ரயில் பாதைகளில் பராமரிப்பு வேலை வைப்பது இங்கே வழக்கம். ரயிலுக்குப் பதில் பஸ் விட்டால் ஒரு மணி நேரப் பயணம் இரண்டாகிவிடும்.

மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளப்படும். போன் தானாக மாறிக்கொள்ளும். சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம் மாறாது. அதைப் பார்த்துக் கிளம்பி ரயிலைத் தவறவிடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. அந்த ஒரு ஞாயிறைத் தவிர்த்துவிடுவதே எளிது.

2. திரும்பும் பஸ்ஸிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து ஸ்விண்டன் நகருக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். ஸ்விண்டனிலிருந்து டிவைஸஸ் போகும் 49ஆம் எண் பஸ் ஏவ்பரி வழியாகப் போகும். அது அரை மணி நேரப் பயணம். ரயில் நிலையத்துக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் இடையே கொஞ்சம் நடக்க வேண்டும். எந்த நிறுத்தம் என்பதை முந்தின நாளே வரைபடத்தில் பார்த்துவையுங்கள். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே 20 நிமிடமாவது விடுங்கள். ரயில் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் அந்த இடைவெளி காப்பாற்றும்.

ஏவ்பரிக்குப் போகும் பஸ்ஸைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் திரும்பும் பஸ்களை முதலில் பாருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதற்கு முந்தியது எத்தனை மணிக்கு என்று இரண்டையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் இலக்கு கடைசிக்கு முந்தைய பஸ். கடைசி பஸ்ஸை அவசரத்துக்கென்று விட்டுவைப்பதுதான் முறை. அதையே இலக்காக வைத்து, அது ரத்தாகிவிட்டால், ஸ்விண்டன் வரை டாக்ஸிக்குக் கொடுக்கும் பணம் அன்றைய ரயில் செலவைத் தாண்டிவிடக்கூடும்.

இப்போது பின்னோக்கிக் கணக்கு. நல்ல தார்ச்சாலையில் மணிக்கு 5 கி.மீ. நடப்பவர், ஈரமான வயல் பாதையில், நின்று பார்த்து, சாப்பிட்டு, மணிக்கு 3 கி.மீ. போவதே அதிகம். 11 கி.மீ. சுற்றுக்கு நாலு மணி நேரம் போய்விடும். கல்வட்டத்துக்கு ஒரு மணி நேரம், தேநீருக்கும் கழிப்பறைக்கும் அரை மணி. ஆக, ஐந்தரை மணி நேரம் ஏவ்பரியில் வேண்டும். நாலு மணிக்குத் திரும்பும் பஸ் என்றால் பத்தரைக்குள் அங்கே இறங்கியிருக்க வேண்டும். லண்டனில் கிழக்கு ஹாமிலோ ஹாரோவிலோ இருப்பவர் ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் இது நடக்கும்.

கிளம்பும் நேரம் கட்டுப்படியாகாது என்று தோன்றினால் சுற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். புதைமேடு வரை போய் அதே வழியில் திரும்பும் 6 கி.மீ. நடையும் முழுமையான ஒரு நாள்தான்.

3. டிக்கெட்: போகும்போது ஒன்று, வரும்போது வேறு

போகும் ரயிலுக்கு அட்வான்ஸ் டிக்கெட் வாங்கலாம். எந்த ரயில் என்பது உங்கள் கையில் இருக்கிறது. திரும்புவதற்கு வாங்காதீர்கள். அட்வான்ஸ் டிக்கெட் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். கிராமத்து பஸ் பத்து நிமிடம் தாமதித்தால் அது வீண். திரும்புவதற்கு ஆஃப்-பீக் (நெரிசல் இல்லாத நேரத்துக்கான) வகை டிக்கெட் வைத்துக்கொண்டால் அடுத்த ரயிலில் ஏறலாம். பல நேரம் ஆஃப்-பீக் ரிட்டர்ன் ஒன்றாக வாங்குவதே மலிவாக வரும். இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து போனால், ரயில்கார்டு என்ற சலுகை அட்டை இல்லாமலே குரூப்சேவ் சலுகையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆளுக்கொரு போனில் தனித்தனியாக வாங்கினால் இந்தச் சலுகை கிடைக்காது. ஒருவரே எல்லாருக்கும் வாங்க வேண்டும்.

பஸ்ஸுக்கு முன்பதிவு வேண்டாம். வங்கி அட்டையைத் தட்டினால் போதும். கல்வட்டம், புதைமேடு, ரிட்ஜ்வே எதற்கும் கட்டணம் இல்லை. கார் நிறுத்தம், மேனர் வீடு, அருங்காட்சியகம் ஆகியவற்றுக்குத்தான் பணம். பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உறுப்பினர் அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். இந்த ஒரு நாளுக்காக மட்டும் உறுப்பினராக வேண்டாம்.

4. வரைபடம்

பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் (ஓஎஸ்) எக்ஸ்புளோரர் வரிசையில் 157ஆம் எண் வரைபடம் இந்தப் பகுதிக்கானது. 1:25,000 அளவு. அதாவது தாளில் 4 செ.மீ. தரையில் ஒரு கிலோமீட்டர். காகிதமாக வாங்கலாம், அல்லது ஓஎஸ் மேப்ஸ் செயலியில் வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். மேடுகளுக்கு நடுவே சிக்னல் வந்து வந்து போகும். அங்கே போய் இறக்கலாம் என்று இருக்காதீர்கள்.

கூகுள் வரைபடம் மட்டும் போதாது. அதில் சாலைகள் தெளிவாக இருக்கும். வயலுக்கு நடுவே பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள் சரியாக வராது. எக்ஸ்புளோரரில் பச்சைக் கோடுகளாகத் தெரிபவை அந்த உரிமைப் பாதைகள். குட்டைக் கோடுகள் நடப்பவர்களுக்கு மட்டும், நீளக் கோடுகள் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. தரையில் மரக்கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடைபாதை, நீல அம்பு இருந்தால் குதிரைப்பாதை. ரிட்ஜ்வேயில் இவற்றோடு ஓக் மரக்கொட்டை படமும் இருக்கும். தேசிய நெடும்பாதைகளுக்கு உரிய சின்னம் அது.

5. காலணி, உடை, பை

இந்தப் பகுதி முழுக்கச் சுண்ணக்கல் நிலம். காய்ந்திருந்தால் வெள்ளைப் புழுதி. மழை பெய்திருந்தால் சோப்பு தடவிய தரைதான். அதன் மேல் உள்ள களிமண் காலணியில் அப்பிக்கொண்டு, பத்தடிக்கு ஒரு முறை கால் கனக்கும். அடிப்பக்கம் ஆழமான பள்ளங்கள் உள்ள நடைக் காலணி வேண்டும். ஓட்டப் பயிற்சிக்கான ஷூ வறண்ட மே மாதத்தில் போதும், ஏப்ரலில் போதாது. வெள்ளை ஸ்னீக்கரோடு வந்தவர்கள் சேற்றைத் தவிர்க்கப் பயிருக்குள் இறங்கி நடப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொருவரும் அப்படிச் செய்யச் செய்யப் பாதை அகன்று பயிர் மிதிபடும். சேற்றின் நடுவே நேராகப் போவதுதான் முறை, அதற்கேற்ற காலணி போட்டு வருவதுதான் வழி.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் உலர மணிக்கணக்காகும், அதுவரை குளிரும். சாதாரண செயற்கை இழைப் பேண்ட் போதும். மேலே ஒரு பனியன், ஒரு ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றும் நீரும் புகாத மெல்லிய ஜாக்கெட் என மூன்று அடுக்கு. ஒரே தடித்த குளிர்கோட்டுப் போட்டு வருபவர் ஏற்றத்தில் வியர்த்துக் கழற்றுவார், ரிட்ஜ்வேயின் காற்றில் அந்த வியர்வையே அவரை நடுக்கும். தெற்கு இங்கிலாந்தில் ஏப்ரல் பகல் வெப்பம் 12, 13 டிகிரிதான் இருக்கும். மேட்டில் காற்றடித்தால் அது இன்னும் குறைவாகத் தோன்றும். குடை வேண்டாம். மேட்டில் விரித்த மறுநிமிடம் தலைகீழாகப் புரண்டுவிடும்.

பையில் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், உணவு, மாற்றுச் சாக்ஸ், டார்ச், உண்ணி எடுக்கும் சிறு கொக்கி, உட்கார ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பு எதற்கென்றால் கல்வட்டத்துப் புல்லில் செம்மறி ஆடுகள் மேயும், புழுக்கை இல்லாத இடம் கிடைப்பது அரிது. மாற்றுச் சாக்ஸைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள்.

உணவை வீட்டிலிருந்தே எடுத்துப் போவது நல்லது. ஊருக்குள் உணவகமும், கல்வட்டத்துக்கு உள்ளேயே ரெட் லயன் என்ற பப்பும் உண்டு. ஆனால் நீங்கள் பசிக்கும்போது புதைமேட்டருகே இருப்பீர்கள், அங்கே எதுவும் கிடையாது. புளியோதரை இந்த வேலைக்குத் தோதானது: ஆறினாலும் ருசி குறையாது, சிந்தினாலும் பையை நனைக்காது. ஒரு ஃபிளாஸ்க்கில் சூடாக எதையாவது ஊற்றிக்கொள்ளுங்கள்.

6. கிளம்பும் முன் மூன்று பார்வை

ஒன்று, நேஷனல் ரெயில் தளத்தில் அன்றைய தடங்கல்கள். இரண்டு, மெட் ஆபீஸின் மணிவாரி வானிலை. மழை வாய்ப்பை மட்டும் பார்க்காமல் காற்றின் வேகத்தையும் பாருங்கள். வசந்தத்தில் வெயில் ஏற ஏற நிலம் சூடாகி மேகம் திரண்டு பிற்பகலில் தூறுவது வழக்கம். திறந்த வெளி நடையைக் காலையில் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்று, அரசின் வெள்ள எச்சரிக்கைப் பக்கத்தில் கென்னட் ஆற்றின் நிலை. "ஒரு வாரமாக மழையே இல்லையே" என்று இதை விட்டுவிடுகிறார்கள். சுண்ணக்கல் நிலம் குளிர்கால மழையை உறிஞ்சி மெதுவாக நிரம்பும். நிலத்தடி நீர் உச்சம் தொடுவது பிப்ரவரி, மார்ச், சில வருடம் ஏப்ரலில்கூட. அப்போது ஊற்றுகள் திறந்து, கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடைகளில் வெள்ளம் ஓடும். மேலே நீல வானம், காலடியில் கணுக்கால் தண்ணீர் என்பது ஏவ்பரியில் சாதாரணம்.

7. இறங்கியதும் கற்களுக்கு முதுகு காட்டுங்கள்

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எதிர்த்திசை நிறுத்தம் எங்கே என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அவசரத்தில் தேட வேண்டியிருக்காது. அங்கே ஒட்டியிருக்கும் அட்டவணையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கழிப்பறை. கார் நிறுத்தத்துக்கும் ஊருக்கும் இடைப்பட்ட பகுதியில் உண்டு. அதை விட்டால் சுற்று முழுக்க வேறு கிடையாது. புதர் மறைவும் பெரிதாக இல்லாத திறந்த வெளி. "எனக்கு இப்போது வேண்டாம்" என்று சொல்லும் குழந்தையையும் அழைத்துப் போங்கள்.

கற்கள் கண்ணுக்கு முன்னே நிற்கும். கை பரபரக்கும். இப்போது வேண்டாம், மாலையில் அவற்றிடம்தான் வந்து சேரப் போகிறீர்கள்.

8. ஆற்றோரப் பாதையும் சில்பரி குன்றும்

பெரிய கார் நிறுத்தத்தின் எதிரே, ஏ4361 சாலையைக் கடந்ததும் ஒரு கேட். அதன் வழியே ஓடையை ஒட்டித் தெற்கே போகும் பாதைதான் முதல் கட்டம். இந்தச் சுற்றில் தண்ணீர் நிற்கக்கூடிய முக்கியமான இடம் இது. முதலிலேயே இங்கே வருவதற்குக் காரணமும் அதுதான். தண்ணீர் நின்றால் பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும், திட்டத்தை மாற்ற முழு நாளும் கையில் இருக்கும். சுற்றை எதிர்த்திசையில் நடந்தவர்கள் இதே தண்ணீரை மாலை நாலு மணிக்கு, களைத்த காலோடு சந்திப்பார்கள்.

புல் நனைந்து சதக்சதக்கென்றால் போகலாம். தரை தெரியாத கலங்கல் தண்ணீர் என்றால் திரும்புங்கள். ஆழத்தைக் கண்ணால் கணிக்க முடியாது, பாதை எங்கே முடிந்து ஓடை எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது. சாலை ஓரமாக நடந்து சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கார்கள் வேகமாக வரும், சாலையோரம் தனி நடைபாதை இல்லை. அப்படி ஒரு நாள் அமைந்தால் புதைமேட்டை விட்டுவிட்டு, ஊரின் கிழக்கு வாயிலிலிருந்து கிரீன் ஸ்ட்ரீட் என்ற பாதை வழியாக ரிட்ஜ்வே ஏறி, தெற்கே ஓவர்டன் குன்று வரை போய் அதே வழியில் திரும்புங்கள். மேட்டுப் பாதை என்பதால் அங்கே வெள்ளம் இருக்காது.

வலப்பக்கம் சில்பரி குன்று வரும். சுமார் 30 மீட்டர் உயரம், முழுக்க மனிதர்கள் கட்டியது. ஏற அனுமதி இல்லை. வேலியைத் தாண்டி ஏறுகிறவர்களைப் பார்த்து நீங்களும் ஏறாதீர்கள். 1776இல் உச்சியிலிருந்து தோண்டிய குழி சரியாக மூடப்படாமல் இருந்து, 2000ஆம் ஆண்டில் உச்சியே உள்வாங்கியது. 2007, 2008இல் உள்ளே நிரப்பி உறுதிப்படுத்தினார்கள். சரிவில் மிதிபடும் ஒவ்வொரு தடமும் மழைநீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கும். படத்துக்கும் குன்றின் அடியைவிட இந்தப் பாதைதான் நல்ல இடம், இங்கிருந்துதான் முழு உருவமும் சட்டத்துக்குள் அடங்கும்.

9. ஏ4 சாலையைக் கடந்து புதைமேட்டுக்கு

பாதை ஏ4 சாலையில் போய் முட்டும். போக்குவரத்து விளக்கோ கோடுகளோ கிடையாது. நம் ஊரில் போலவே இங்கேயும் வண்டிகள் இடப்பக்கம்தான், முதலில் வலது பக்கம் பாருங்கள். குழுவாக வந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் கடங்கள். பாதிப்பேர் கடந்து நின்று கூப்பிடும்போதுதான் மீதிப்பேர் பார்க்காமல் ஓடுவார்கள்.

எதிர்ப்புறம் சிறிது இடது பக்கமாகப் புதைமேட்டுப் பாதைக்கான கேட் இருக்கும். சிறு பாலத்தில் கென்னட்டைக் கடந்து, வயலோரமாக ஏறினால் வெஸ்ட் கென்னட் லாங் பாரோ. சாலையிலிருந்து முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். கி.மு. 3650 வாக்கில் எழுப்பப்பட்டது, சுமார் 100 மீட்டர் நீளம். பலர் வாயிலை மறைத்து நிற்கும் பெரும் சார்சன் (கடினமான மணற்கல் வகை) கற்களைப் பார்த்துவிட்டு, மூடியிருக்கிறது என்று திரும்பிவிடுகிறார்கள். கற்களுக்குப் பின்னால் போங்கள். உள்ளே நடந்து போகலாம். இரு பக்கமும் இரண்டிரண்டு, கடைசியில் ஒன்று என ஐந்து அறைகள். டார்ச் இதற்குத்தான். தரையில் தண்ணீர் தேங்கியிருக்கும், குனிந்து நுழையும்போது மேலே உள்ள கல்லில் தலை இடிக்கும். மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டாம். கரியும் மெழுகும் கல்லில் படிந்தால் போவதில்லை.

சாப்பிட ஏற்ற இடம் இதுதான். காற்று மேற்கிலிருந்து வீசினால் மேட்டின் கிழக்குப் பக்கம் ஒதுங்கி உட்காருங்கள்.

எழுந்திருக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். முழுச் சுற்றா, திரும்புவதா என்பதை இங்கேதான் முடிவு செய்ய வேண்டும். மணி ஒன்றைத் தாண்டிவிட்டால், அல்லது குழுவில் ஒருவர் நொண்டத் தொடங்கிவிட்டால், வந்த வழியே திரும்புங்கள். இதற்கு மேல் போனால் பாதியில் குறுக்கே வெட்டித் திரும்ப நல்ல வழி இல்லை.

10. கிழக்கே, பிறகு ரிட்ஜ்வேயில் வடக்கே

வந்த பாதையில் அடிவாரம் வரை இறங்கி, வயலோரப் பாதையில் கிழக்கே திரும்புங்கள். ஒரு சிறு தார்ச்சாலையைக் கடந்து பாதை தொடர்ந்து ஈஸ்ட் கென்னட் கிராமத்துக்குப் போகும். இங்கே வழக்கமாக வீசும் மேற்குக் காற்று இப்போது உங்கள் முதுகில் இருக்கும். எதிர்த்திசையில் நடந்திருந்தால் முகத்தில் வாங்கியிருப்பீர்கள். கிராமத்தில் ஆற்றைக் கடந்து மேடேறினால் மீண்டும் ஏ4, அதன் ஓரத்தில் சாங்சுவரி என்ற பழங்கால இடம்.

சாங்சுவரியில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பது மரக்கம்பங்களும் கற்களும் நின்ற இடங்களைக் காட்டும் கான்கிரீட் கட்டைகள் மட்டுமே. ஐந்து நிமிடம் போதும். சாலையைக் கடந்தால் ரிட்ஜ்வேயின் தொடக்கம். 139 கி.மீ. ஓடி ஐவிங்ஹோ பீக்கனில் முடியும் பாதை. உங்களுக்கு அதில் இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான் வேண்டும்.

கவனிக்க வேண்டிய ஒரே திருப்பம் இங்கே வரும். பாதை அகலமாக, நேராக இருப்பதால் பேசிக்கொண்டே நடந்து திருப்பத்தைத் தாண்டிவிடுவார்கள். அப்புறம் ஹாக்பென் குன்று வரை வடக்கே போய்க்கொண்டே இருப்பார்கள். அரை மணி நேரம் நடந்ததும் வரைபடத்தைக் கையில் எடுங்கள். கிரீன் ஸ்ட்ரீட் என்ற குறுக்குப் பாதை வரும் இடத்தில் இடது பக்கம், மேற்கே திரும்ப வேண்டும். அங்கிருந்து இறக்கம்தான், நேராக ஏவ்பரியின் கிழக்கு வாயில்.

11. ஆடு, மாடு, உண்ணி

மார்ச், ஏப்ரல் குட்டி போடும் காலம். ஆட்டுக்குட்டி அழகாகத்தான் இருக்கும், அருகே போகாதீர்கள். விரட்டினால் தாயைப் பிரிந்துவிடும். தனியாகக் கத்தும் குட்டியைக் கண்டால் தூக்க வேண்டாம், தாய் பெரும்பாலும் பார்வை எட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

மாடுகள் வேறு கதை. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் இருந்தவற்றை வசந்தத்தில் கன்றுகளோடு வெளியே விடுவார்கள். நம் ஊரில் மாட்டோடு வளர்ந்தவர்கள்தான் இங்கே அசட்டையாக இருக்கிறார்கள். இவை கயிற்றுக்குப் பழகிய வீட்டு மாடுகள் அல்ல. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாமல் வயலோரமாகச் சுற்றிப் போங்கள். நாயோடு போகும்போது மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் நாய் மேல்தான், அது ஓடித் தப்பித்துக்கொள்ளும்.

கேட் திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். "நல்லதுக்குத்தானே" என்று திறந்த கேட்டை மூடினால், மந்தைக்குத் தண்ணீருக்குப் போகும் வழி அடைபட்டுப் போகலாம்.

உண்ணி புல் நுனியில் காத்திருந்து துணியில் தொற்றும். பேண்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். பார்க்க நன்றாக இருக்காதுதான்.

12. கல்வட்டம்: மிச்ச நேரம் எல்லாம் இங்கே

கிழக்கு வாயிலில் வேர்கள் வெளியே பின்னிக் கிடக்கும் பீச் மரங்களைத் தாண்டி உள்ளே வருவீர்கள். வேர் மேல் ஏறி நிற்க வேண்டாம். மண் அரிப்பைத் தடுக்க அங்கங்கே கயிறு கட்டியிருப்பார்கள், அதைத் தாண்டாதீர்கள்.

ஸ்டோன்ஹெஞ்சில் வழக்கமான நேரத்தில் கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். இங்கே கல்லைத் தொடலாம், சாய்ந்து உட்காரலாம். ஏறத்தான் கூடாது. வட்டத்துக்குள்ளேயே சாலை வளைந்து போகிறது, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போக அதைக் கடக்க வேண்டும். கல்லை நிமிர்ந்து பார்த்தபடியே பின்னால் நகர்ந்து சாலையில் கால் வைப்பவர்கள் உண்டு. குழந்தைகள் இருந்தால் சாலைக்கு ஒருவர் காவல் நில்லுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தெற்கு வாயில் வழியாக வெஸ்ட் கென்னட் அவென்யூவில் இறங்குங்கள். இரு வரிசைக் கற்களுக்கு நடுவே, எவ்வளவு தூரம் வேண்டுமோ அவ்வளவு தூரம் போய்த் திரும்பலாம். பக்கத்து பி4003 சாலை குறுகலானது, அதில் நடக்காமல் புல்வெளிக்குள்ளேயே இருங்கள். அருங்காட்சியகம் பார்க்க வேண்டுமென்றால் அது மூடும் நேரத்தைக் காலையிலேயே பார்த்துவைத்து, அவென்யூவைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் முன்பே நிறுத்தத்தில் இருங்கள். முகப்பில் ஸ்விண்டன் என்று இருக்கிறதா பார்த்து, கையை நீட்டுங்கள். கிராமத்து நிறுத்தத்தில் சும்மா நின்றால் நிற்காமல் போய்விடக்கூடும்.

13. ஊரிலிருந்து வந்த பெற்றோரோடு போனால்

முழுச் சுற்று வேண்டாம். கல்வட்டம், அவென்யூ, தேநீர் போதும். சேலையில் நடக்கலாம், ஆனால் காலைப் பனியில் கரை நனைந்து கனக்கும். உள்ளே கம்பளி லெக்கிங்ஸ், காலில் சாக்ஸோடு ஷூ கட்டாயம். வழியில் உள்ள கேட்டுகள் சிலவற்றில் ஒருவர் உள்ளே நின்று கதவைத் தள்ளித்தான் வெளியேற முடியும், குழந்தை வண்டி நுழையாது. கைக்குழந்தையை முதுகுப்பையில் தூக்குங்கள்.

14. புளூபெல் பார்க்க ஆசை என்றால்

வசந்தத்தில் காட்டுத் தரையில் பூக்கும் இந்த நீலப் பூ இந்தச் சுற்றில் கிடைக்காது. மார்ல்பரோவுக்குத் தென்மேற்கே உள்ள வெஸ்ட் வுட்ஸ் காட்டில் ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் தரை முழுக்க நீலமாக இருக்கும். ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்களில் பெரும்பாலானவை இந்தக் காட்டுப் பகுதியிலிருந்து போனவை என்று 2020இல் வேதியியல் ஆய்வு காட்டியது. அதற்குத் தனி நாள் வையுங்கள், கார் இருந்தால் நல்லது. இரண்டையும் ஒரே நாளில் நடையாகச் சேர்ப்பவர் இரண்டையும் அரைகுறையாகத்தான் பார்ப்பார். அங்கே பாதையை விட்டு இறங்காதீர்கள். மிதிபட்ட இலை மீண்டும் நிமிராது, கிழங்கு பலமிழந்து செடி தேற வருடக்கணக்காகும். கிழங்கைத் தோண்டுவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

15. வீட்டுக்கு வந்ததும்

குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் என உண்ணி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கொக்கியாலோ நுனி கூர்மையான இடுக்கியாலோ தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக மேல்நோக்கி இழுங்கள். நசுக்குவது, எண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது எதுவும் வேண்டாம். எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் போல உடம்பு வலித்தாலோ, ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) அந்தத் தேதியோடு போங்கள். உண்ணிக் கடியால் வரும் லைம் நோய்க்கு ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் குணமாகிவிடும்.

காலணியில் ஒட்டிய சுண்ண மண்ணை அன்றே கழுவ வேண்டாம். காயவிட்டு மறுநாள் தட்டினால் கட்டியாக உதிரும்.